கத்தரிக்கோல் இப்போது இலவசம்!

"சினிமா எடிட்டர் ஆகப் போகிறேன்" என்று உங்கள் பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள். நல்ல தொழில்தான். ஆனால், அதற்காக உடனே நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கும் ஓடாதீர்கள்!

முதலில் 3 மாதம் வீட்டிலேயே பழகட்டும். அதற்கு வேண்டிய சாப்ட்வேர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பணம் கட்டுவதைப் பிறகு யோசிக்கலாம். இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எடிட்டர் என்ன செய்கிறார்?

சினிமாவைத் துண்டு துண்டாகத்தான் எடுக்கிறார்கள். ஒரே காட்சியைத் தூரத்தில் இருந்து எடுப்பார்கள். கிட்டத்தில் வந்தும் எடுப்பார்கள். இந்தத் துண்டுகளில் எது வேண்டும், எது வேண்டாம், எது எத்தனை வினாடி ஓட வேண்டும் என்று பார்த்துக் கோர்ப்பவர்தான் எடிட்டர். தமிழில் படத்தொகுப்பாளர் என்கிறோம்.

அழுகிற தாயின் முகத்தை 2 வினாடி காட்டினால் ஒரு பொருள். 6 வினாடி காட்டினால் வேறு பொருள். கொட்டகையில் நாம் கண்ணீர் விடுகிறோமே, அதில் பாதி எடிட்டரின் கைவேலை!

அந்தக் காலம்

முன்பு எல்லாம் பிலிம்தான். ஒரு வினாடிக்கு 24 படங்கள். ஒரு நிமிடத்துக்கு 90 அடி பிலிம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி! எடிட்டர் அதை மூவியோலா என்ற எந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பார். வெட்டுவார். ஒட்டுவார். மூவியோலா 1924-ல் அமெரிக்காவில் வந்தது.

அந்த எந்திரத்தைச் சாதாரணக் குடும்பம் வாங்க முடியுமா? முடியாது. அது ஸ்டூடியோவில் இருக்கும். தொழில் பழக வேண்டும் என்றால், யாராவது பெரியவரிடம் உதவியாளராகச் சேர வேண்டும். டைரக்டர் ஏ. பீம்சிங் அப்படி வந்தவர்தான். கிருஷ்ணன்-பஞ்சுவிடம் உதவி எடிட்டராக இருந்தார். பிறகு 'பாசமலர்' (1961) படத்தை டைரக்ட் செய்தார்.

1989-ல் 'ஏவிட்' என்ற அமெரிக்கக் கம்பெனி கம்ப்யூட்டரில் எடிட்டிங் செய்யும் கருவியைக் கொண்டுவந்தது. பிலிமை வெட்டாமலே வெட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துவிடலாம். ஆனால் அதுவும் பணக்காரச் சாமான்தான்.

விலை இறங்கிய கதை

'டாவின்சி ரிசால்வ்' என்று ஒன்று. படத்தின் நிறத்தைச் சரிசெய்ய ஹாலிவுட்டில் உபயோகித்த கருவி இது. அந்தக் கம்பெனியை 2009-ல் ஆஸ்திரேலியாவின் 'பிளாக்மேஜிக்' கம்பெனி வாங்கியது. 2011-ல் இலவசப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. இன்று அதிலேயே எடிட்டிங், நிறம், ஒலி எல்லாம் செய்யலாம். இத்தனை நாளுக்குத்தான் என்ற கெடு கிடையாது. படத்தின் மேல் கம்பெனி முத்திரையும் விழாது. சில கூடுதல் வசதிகளுக்கு மட்டுமே பணம். பாடப் புத்தகங்களையும், பழகிப் பார்க்கப் படத் துண்டுகளையும் அந்தக் கம்பெனியே தன் இணையத் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

'பிளெண்டர்' கதை இதைவிட ருசிகரமானது. ஹாலந்து நாட்டில் பிறந்த சாப்ட்வேர் அது. அதை நடத்திய கம்பெனி 2002-ல் மூடப்பட்டது. அதை உருவாக்கிய டோன் ரோசென்டால், "1 லட்சம் யூரோ சேர்ந்தால் இதை உலகத்துக்கே பொதுவாக்கலாம்" என்று மக்களிடம் கேட்டார். 7 வாரத்தில் பணம் சேர்ந்தது! அன்று முதல் அது எல்லோருக்கும் சொந்தம். கார்ட்டூன் படமும் செய்யலாம். வீடியோவும் எடிட் செய்யலாம்.

"இலவசம் என்றால் மட்டச் சரக்கு" என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். லாட்வியா என்ற சின்ன நாட்டில், ஒரு பூனையின் கதையை பிளெண்டரில் படமாகச் செய்தார்கள். படத்தின் பெயர் 'ஃப்ளோ'. வசனமே கிடையாது. 2025-ல் சிறந்த கார்ட்டூன் படத்துக்கான ஆஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தது!

2023-ல் சிறந்த எடிட்டிங்குக்கு ஆஸ்கார் வாங்கிய படம் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்'. அதன் தந்திரக் காட்சிகளைச் செய்தது ஒரு சிறு குழு. முக்கியமானவர்கள் சுமார் 5 பேர்தான். இணையத்தில் கிடைக்கும் பாடங்களைப் பார்த்தே பெரும்பாலும் அந்த வேலையைக் கற்றவர்கள் அவர்கள்.

பழைய கம்ப்யூட்டர் போதுமா?

'ரிசால்வ்'வுக்கு நல்ல வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். அது இல்லை என்றால் 'கேடென்லைவ்', 'ஷாட்கட்' என்று இரண்டு இருக்கின்றன. இரண்டும் இலவசம். ஓரளவு பழைய கம்ப்யூட்டரிலும் வேலை செய்யும். கனமான வீடியோவுக்குப் பதில் அதன் இலேசான நகலை வைத்து எடிட் செய்யும் வசதியும் உண்டு. கடைசியில் அசல் வீடியோவே வந்து சேரும்.

திருட்டு வேண்டாம்

விலையுள்ள சாப்ட்வேரைப் பூட்டு உடைத்து, 'கிராக்' என்று சிலர் கொடுக்கிறார்கள். அதை வாங்காதீர்கள். அதோடு வைரசும் சேர்ந்து வரலாம். பாங்கிக் கணக்கின் ரகசிய எண்ணையே திருடிவிடலாம். நேர்வழியிலேயே இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் திருட வேண்டும்? எந்தச் சாப்ட்வேரையும் அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்குங்கள்.

படமும் ஓசையும் அப்படித்தான். சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் உரிமையாளர் கேள்வி கேட்பார். 1996-ல் தொடங்கிய 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் 'பிரெலிங்கர்' தொகுப்பு இருக்கிறது. அமெரிக்காவின் பழைய விளம்பரப் படங்கள், பள்ளிக்கூடப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். மழைச் சத்தம், ரெயில் சத்தம் வேண்டுமா? 2005-ல் ஸ்பெயின் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கிய 'ஃப்ரீசவுண்ட்' தளம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை எழுதியிருப்பார்கள். சிலவற்றுக்கு எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். சிலவற்றை வியாபாரத்துக்கு உபயோகிக்கக் கூடாது. படித்துப் பார்த்து எடுங்கள்.

3 மாதப் பரீட்சை

முதல் மாதம்: அம்மா தோசை சுடுவதைச் செல்போனில் 10 துண்டுகளாக எடுக்கட்டும். அதை 1 நிமிடப் படமாக்கட்டும்.

இரண்டாம் மாதம்: அதற்கு ஓசை சேர்க்கட்டும். கல்லில் மாவு விழும் சத்தம் சரியான வினாடியில் கேட்க வேண்டும்.

மூன்றாம் மாதம்: ஒரே வீடியோவை இரண்டு விதமாகக் கோர்க்கட்டும். ஒன்றில் சிரிப்பு வர வேண்டும். மற்றொன்றில் சோகம் வர வேண்டும். அதைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டுங்கள். யாரும் விளக்கம் சொல்லக் கூடாது. பாட்டிக்குப் புரிந்தால் பிள்ளைக்குக் கை வந்துவிட்டது!

மூன்று மாதம் முடிந்தும் ஆசை குறையவில்லையா? அப்போது படிக்க அனுப்புங்கள். சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியிலேயே எடிட்டிங் பாடம் இருக்கிறது. பள்ளியும் வேண்டும், குருவும் வேண்டும். இரண்டு வாரத்தில் ஆசை போய்விட்டதா? நல்லது. கடன் மிச்சம்.

ஒரு குறை

இத்தனை இருந்தும் ஒரு குறை. நல்ல பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் தெரியாத கிராமத்துப் பிள்ளைக்குக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி. 'ஸ்போக்கன் டுட்டோரியல்' என்ற பெயரில் இலவச சாப்ட்வேர் பாடங்களைத் தமிழிலும் கொடுக்கிறது. இது போதாது. தமிழ் சினிமாவின் எடிட்டர்கள் தங்கள் அனுபவத்தைத் தமிழில் பாடமாகச் சொல்ல வேண்டும். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் இரண்டு கம்ப்யூட்டரில் இந்தச் சாப்ட்வேர்களைப் போட்டு வைக்க வேண்டும். சாப்ட்வேருக்குச் செலவு இல்லை. கம்ப்யூட்டருக்கும் நாற்காலிக்கும்தான் செலவு. கம்ப்யூட்டர் வாங்க முடியாத வீட்டுப் பெண்ணும் பையனும் அங்கே போய்ப் பழகலாம்.

ஸ்டூடியோக் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் இப்போது கத்தரிக்கோல் கிடைத்துவிட்டது. எங்கே வெட்டுவது என்பதைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பொறுமைதான் கட்டணம்.