பாலத்தைக் காக்கும் கட்டிடங்கள்

நெல்லியடிச் சந்தியிலிருந்து அச்சுவேலி வழியாக யாழ்ப்பாணம் செல்வோர் வல்லை வெளியைக் கடந்தே ஆகவேண்டும். பஸ் வண்டி பாலத்தை அணுகியதும் உப்புக் காற்று முகத்தில் அறைகின்றது. நாம் நீரேரியைப் பார்க்கின்றோம், கொக்குகளைப் பார்க்கின்றோம், பாலத்தை மட்டும் பார்ப்பதில்லை. வேலிக்குக் கிடுகும் கூரைக்கு ஓலையும் காலந்தோறும் மாற்றிப் பழகிய நாம், பாலம் மாத்திரம் ஒருமுறை கட்டினால் என்றும் நிற்கும் என எண்ணிவிடுகின்றோம்.

கடலின் மறுகரையிலுள்ள பாம்பன் பாலம் நமக்கு நல்ல பாடம். 1914ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அவ்விரும்புப் பாலத்தை 1964 டிசெம்பர்ப் புயல் சிதைத்தது. ஸ்ரீதரன் என்னும் பொறியியலாளர் 46 நாட்களில் அதனைச் சீராக்கினார். ஆனால் புயலை வென்ற பாலத்தை உப்பு மெல்ல மெல்ல அரித்தது. 2022 டிசெம்பரில் அதன்மீது புகையிரதப் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்பிரல் 6ஆந் திகதி அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலம் 108 ஆண்டுகள் உழைத்ததே அரிது. துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, தேய்ந்த உறுப்புகளை மாற்றிய தொழிலாளரின் கைகளன்றோ அதனைத் தாங்கி நின்றன!

அத்தொழிலாளருக்கு வேண்டிய கட்டிடங்கள் யாவை? முதலாவது, நீண்ட பாரந்தூக்கி வண்டி ஒரு வாயிலால் நுழைந்து மறுவாயிலால் வெளியேறத்தக்க உயர்ந்த கொட்டகை. இரண்டாவது, தீப்பற்றும் வர்ணங்களையும் எண்ணெய்களையும் வைக்க, பட்டறைக்கு எட்டத்தே காற்றோட்டமுள்ள களஞ்சியம். மூன்றாவது, பாலத்தின் வரைபடங்களையும் பரிசோதனைக் குறிப்புகளையும் பேண, வெள்ளம் எட்டாத உயரத்தில் ஓர் அறை. பத்தாண்டுகளுக்கு முன் கண்ட வெடிப்பு வளர்ந்துள்ளதா என்பதை அக்குறிப்பே சொல்லும்.

நான்காவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அது குளிக்கவும் உடைமாற்றவும் ஓர் இடம். பழைய இரும்புப் பாலங்களின் வர்ணத்தில் ஈயம் கலந்திருப்பதுண்டு. சுரண்டும்போது எழும் தூசி உடையில் ஒட்டி வீடுவரை செல்லுமாயின், அதனால் பெருங்கேடு அடைவோர் குழந்தைகளே. ஆதலின் வேலையுடை ஒருபுறமும் வீட்டுடை மறுபுறமும் இருக்க, நடுவே குளியலறை அமைதல் வேண்டும். தந்தையைக் கண்டு ஓடிவரும் பிள்ளையை அந்த ஒரு சுவர் காக்கின்றது.

2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 288 மீற்றர் நீளமுள்ள அப்பாலம் பூநகரியைக் குடாநாட்டுடன் இணைத்தது. அதுவும் உவர்நீரின் மேலேயே நிற்கின்றது. இனி எழும் பாலங்களுக்கு, அவற்றைப் பேணுவோரின் கட்டிடங்களும் முதல் வரைபடத்திலேயே இடம்பெறல் வேண்டும். எஞ்சிய பணத்தில், எஞ்சிய நிலத்தில், பின்னர் ஒரு தகரக் கொட்டில் போடலாம் என்பது சிக்கனமாகாது.

வல்லையைக் கடந்து கல்லூரி செல்லும் மாணவர்களுள் நாளைய பொறியியலாளர் இருப்பர். பாலம் வரையும் அன்று அதனைப் பேணுவோருக்கும் ஓர் இடம் வரையுமாறு அவர்களை வேண்டுகின்றோம்.