இரண்டு மணி பஸ்ஸும் இல்ல விளையாட்டுப் போட்டியும்

மாசி பிறந்து மழை ஓய்ஞ்சு, பெரும்போக அறுவடையும் முடியிற நேரம் வந்தால் எங்கட முகநூல் முழுக்க நாலு நிறம்தான். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி தொடங்கிட்டுது எண்டு அர்த்தம். திருகோணமலை நகரத்தில் சூசையப்பர் கல்லூரி, மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி மாதிரிப் பழைய கிறிஸ்தவப் பாடசாலைகளின்ர பெயர்களைச் சின்ன வயசிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். முதலாம் தவணை எண்டால் அங்க பாண்ட் வாத்தியம், அணிநடை, தவக்காலத்தில் சிலுவைப்பாதை, பிறகு உயிர்த்த ஞாயிறு, சித்திரை லீவு. யாழ்ப்பாணத்தில் மார்ச் மாதம் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் மோதுகிற ‘வடக்கின் பெரும் போர்’. 1904இல் தொடங்கின அந்தக் கிரிக்கெட் போட்டியைக் கனடாவிலிருந்தும் நேரலையில் பார்க்கிறார்கள்.

குச்சவெளியில் இருந்து இதையெல்லாம் பார்க்கிற பிள்ளைக்கு என்ன தோன்றும்? ‘எங்கட பாடசாலையிலும் இப்படி ஒரு நாள் வேணும்’ எண்டு தோன்றும். அந்த ஒரு நாள் எங்கட பாடசாலைகளுக்கும் வந்திட்டுது. இல்ல அலங்காரம் இருக்கு, பிரதம விருந்தினர் இருக்கிறார், பொன்னாடை இருக்கு, ஒலிம்பிக் தீபம்கூட இருக்கு. ஆனால் நகரத்துப் பாடசாலைகளின் பெயரை வளர்த்தது அந்த ஒரு நாள் இல்லை. மிச்ச நாட்களின் பின்னேரங்கள்தான். நாங்கள் நாளை எடுத்துக்கொண்டு பின்னேரத்தை விட்டுவிட்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது.

முதலில் ‘இல்லம்’ என்ற சொல்லைப் பார்ப்போம். இந்த முறை இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளிலிருந்து வந்தது. அங்க இல்லம் எண்டால் உண்மையிலேயே வீடு. பிள்ளைகள் அந்தக் கட்டடத்தில் தங்கினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், படித்தார்கள், மாலையில் விளையாடினார்கள். போட்டி என்பது வருடம் முழுக்க வாழ்ந்த வாழ்க்கையின் கடைசிப் பக்கம். மிஷனரிகள் இந்த முறையை இலங்கைக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களிடமிருந்து அது எல்லாப் பாடசாலைகளுக்கும் பரவியது. இன்றைக்கு எங்கட பக்கத்தில் இல்லம் எண்டால் இரண்டு கிழமைக்கு மட்டும் இருக்கிற ஒன்று. பெப்ரவரியில் பிள்ளையைப் பிரிக்கிறார்கள், மார்ச்சில் கொடி கட்டுகிறார்கள், அடுத்த நாள் தென்னோலையையும் கடதாசியையும் கூட்டி எரிக்கிறார்கள். ஏப்ரலில் ஒரு பிள்ளையிடம் ‘நீ எந்த இல்லம்?’ எண்டு கேட்டால் யோசித்துத்தான் சொல்லும்.

கிழக்கில் பின்னேரம் என்ன செய்தது என்பதற்கு ஒரு மனிதரைச் சொல்லலாம். அருட்தந்தை யூஜின் ஹேபர்ட், அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த இயேசுசபைத் துறவி. 1948இல் இலங்கைக்கு வந்தவர். திருகோணமலை சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். மிக்கேல் கல்லூரி அணி கொழும்பின் பெரிய பாடசாலைகளைத் தோற்கடிக்கிற அணியாக மாறியது. மட்டக்களப்பில் இருக்கிற வெபர் மைதானமும் அவரைப் போலவே விளையாட்டுப் பழக்கிய இன்னொரு அமெரிக்கத் துறவியின் பெயரில்தான் இருக்கு. இவர்கள் பெரிய அரங்கம் கட்டிவிட்டு அணியைத் தேடவில்லை. ஒரு பந்து, ஒரு வளையம், பாடசாலை விட்ட பிறகு ஒவ்வொரு நாளும் வந்து நிற்கிற ஒரு ஆள். அவ்வளவுதான். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞரோடு ஹேபர்ட் காணாமல் ஆக்கப்பட்டார். இரண்டு பேருக்கும் என்ன நடந்தது எண்டு இன்றுவரை பதில் இல்லை. போருக்குள் நாங்கள் இழந்தவர்களின் பட்டியலில் இப்படி ஒரு பயிற்றுநரும் இருக்கிறார் என்பது எங்கட வயதுக்காரர் பலருக்குத் தெரியாது.

இப்ப எங்கட பஸ்ஸுக்கு வருவோம். குச்சவெளியிலிருந்து திருகோணமலை 30 கிலோமீற்றருக்கு மேல். இறக்கக்கண்டி, நிலாவெளி, சாம்பல்தீவு, உப்புவெளி எண்டு கடந்து போக வேணும். எங்களில் சிலர் ஊரில் படித்தோம், சிலர் நகரத்துக்குப் போய்ப் படித்தோம். போனவர்களின் கதை ஒன்றுதான். ஒன்றரைக்கு மணி அடிக்கும். இரண்டரைக்குப் பயிற்சி தொடங்கும். இரண்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்ப எண்டு தெரியாது, வந்தாலும் இறங்கும்போது இருட்டி விடும். எங்களில் ஒருத்தி தரம் ஒன்பதில் உயரம் பாய்தலுக்குத் தெரிவானாள். பயிற்சிக்கு மூன்று நாள் நின்றாள். நாலாம் நாள் அம்மா சொன்னா, “பிள்ளை, காலையில போற மாதிரி பின்னேரமும் வெளிச்சத்தோட வீட்டுக்கு வா. பாய்ஞ்சது காணும்.” அம்மாவில் பிழை இல்லை. அந்த ரோட்டில் இரவில் தனியாக வருகிற பெண்பிள்ளைக்கு எந்தப் பாடசாலையும் பொறுப்பு எடுக்காது.

ஊரில் படித்தவர்களுக்கு பஸ் பிரச்சினை இல்லை, ஆள் பிரச்சினை. விளையாட்டு ஆசிரியர் பலர் தூரத்திலிருந்து வருகிறவர்கள், அவர்களுக்கும் அதே இரண்டு மணி பஸ்தான். மைதானத்தில் பின்னேரம் மாடுதான் நிற்கும்.

இதன் விளைவு வெறும் பதக்கம் இல்லாமல் போவது மட்டும் இல்லை. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கான மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் இறந்துபோனான். ஊர் மக்கள் வைத்தியசாலை முன்னால் கூடி நியாயம் கேட்டார்கள். அந்த மரணத்தின் காரணத்தைப் பற்றி நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் செய்தி எங்களை எங்கட பாடசாலைகளைப் பார்க்க வைத்தது. வருடம் முழுக்க ஓடாத பிள்ளையை, பங்குனி வெயிலில், ஒரு நாள் மட்டும் ரோட்டில் ஓட விடுகிறோம். கையில் ஒரு தோடம்பழமும் குளுக்கோஸ் தண்ணியும் கொடுத்தால் சரி எண்டு நினைக்கிறோம். ஒழுங்கான பயிற்சி இருந்தால், எந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்குது, யார் காலையில் சாப்பிடாமல் வருது எண்டு பழக்குகிறவருக்குப் போட்டிக்கு முன்னமே தெரிந்திருக்கும்.

“மிஷன் பாடசாலைகளைத் தூக்கிப் பிடிக்கிறீங்களோ?” எண்டு கேட்பவர்கள் இருப்பார்கள். மதம் மாற்ற வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆறுமுக நாவலரைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, அவர்கள் நடத்துகிற விதத்தைக் கவனித்து, பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்காகப் பாடசாலை தொடங்கினார். எது வேணும், எது வேண்டாம் எண்டு தெரிந்து எடுத்தார். 1960, 61 சட்டங்களால் உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசிடம் வந்தன. கட்டடம் வந்தது, பெயர் வந்தது, இல்லங்களும் வந்தன. பின்னேரம் நிற்கிற ஆளைச் சட்டத்தால் கையேற்க முடியாது. அதை நாங்கள்தான் உண்டாக்க வேணும்.

“சாதாரண தரத்தில் கணிதம் பாஸாகாத ஊரில் விளையாட்டு ஒரு கேடா?” எண்டு இன்னொரு கேள்வி வரும். எங்கட அனுபவம் வேற மாதிரி. தரம் பத்தில் பாடசாலையை விட்டுக் கடலுக்கும் கூலிக்கும் போன எங்கட நண்பர்களில் பலர் பாடம் விளங்காமல் மட்டும் போகவில்லை. பாடசாலையில் தங்களைத் தேடுகிற ஒரு ஆளும் இல்லாமல்தான் போனார்கள். அணியில் இருக்கிற பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் மற்றப் பிள்ளைகள் வீட்டுக்கே போய்க் கேட்கும்.

பெரிய கோரிக்கை எங்களிடம் இல்லை. இல்ல அலங்காரத்துக்கு வீடு வீடாகச் சேர்க்கிற காசில் பாதியை, கிழமையில் மூன்று பின்னேரம் பழக்குகிற ஒருவருக்குப் போக்குவரத்துச் செலவாகக் கொடுக்கலாம். பயிற்சிக் காலத்தில் ஐந்தரைக்குப் புல்மோட்டைப் பக்கம் ஒரு பஸ்ஸை விடச் சொல்லி, நகரத்து அதிபர்களும் எங்கட ஊர்ப் பெற்றோரும் சேர்ந்து போக்குவரத்துச் சபையைக் கேட்கலாம். நகரத்தின் கிறிஸ்தவப் பாடசாலைகள் முதலாம் தவணையில் ஒரு சனிக்கிழமை தங்கட அணிகளை எங்கட மைதானத்துக்குக் கூட்டி வரலாம். பரிசு வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டாம், தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே அணியில் நின்று விளையாட ஒரு காலைப்பொழுது போதும்.

எங்கட பங்குக்கு நாங்களும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இந்தச் சித்திரை லீவுக்குக் கம்பஸிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பின்னேரம் நாலு மணிக்கு மைதானத்துக்குப் போவது எண்டு. எங்களில் ஒருத்தருக்கும் பயிற்றுநர் சான்றிதழ் இல்லை, கரப்பந்து ஒன்று இருக்கு. உயரம் பாய்ந்தவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஊரில் இருக்கிறவர்கள் வாங்கோ, முதலில் மாட்டைக் கலைப்போம்.