காலம் தாழ்த்தினால் திரும்பாத பார்வை

சிறுவர்களைப் பாதிக்கும் கண் நோய்கள் பலவற்றுக்கு 'இது பிறவிக் குறைபாடு, செய்வதற்கு ஒன்றுமில்லை' என வைத்தியர்கள் கைவிரித்த காலம் மலையேறிவிட்டது. பிறந்து சில வாரங்களேயான சிசுவின் கண்ணிலும் இன்று சத்திரசிகிச்சை செய்ய முடிகின்றது. மரபணுக் கோளாறினால் ஏற்படும் ஒருவகை விழித்திரை நோய்க்கு மரபணு சிகிச்சையே 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. ஆயினும், இம்முன்னேற்றங்களில் பெரும்பாலானவை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. குழந்தை உரிய காலத்தில் வைத்தியரிடம் கொண்டுவரப்பட வேண்டும் என்பதே அந்த நிபந்தனையாகும். எமது கவனம் திரும்பவேண்டிய இடமும் அதுவேயாகும்.

வளர்ந்தவர் ஒருவருக்குக் கண்புரை ஏற்பட்டால் இரண்டு வருடங்கள் கழித்துச் சத்திரசிகிச்சை செய்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். குழந்தையின் நிலை அவ்வாறானதல்ல. பார்ப்பது கண் மட்டுமல்ல, மூளையுமாகும். பிறந்த முதல் சில வருடங்களில் கண்ணிலிருந்து தெளிவான காட்சி கிடைக்காவிட்டால் அக்கண்ணுக்குரிய மூளைப் பகுதி பார்க்கக் கற்றுக்கொள்வதில்லை. பூனைக்குட்டிகளைக் கொண்டு இந்த உண்மையை நிறுவிய டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசெல் ஆகிய விஞ்ஞானிகள் 1981ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். பிறவிக் கண்புரையை, குறிப்பாக அது ஒரு கண்ணில் மட்டும் இருக்குமாயின், முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அகற்றிவிட வேண்டுமென வைத்தியர்கள் வலியுறுத்துவது இதனாலேயே.

'சோம்பேறிக் கண்' எனப்படும் குறைபாட்டுக்கும் இதுவே காரணம். மாறுகண்ணினாலோ, ஒரு கண்ணில் மட்டும் உள்ள பார்வைக் குறைவினாலோ மூளை அக்கண்ணைப் புறக்கணித்துவிடுகின்றது. நல்ல கண்ணை மறைத்து, பலவீனமான கண்ணை வேலை வாங்குவதே இதற்கான சிகிச்சை. இக்குறைபாடு நடுத்தர அளவில் உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் மறைப்பதும் ஆறு மணிநேரம் மறைப்பதும் ஏறக்குறைய ஒரே பலனையே தருவதாக 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மறைப்பதற்குப் பதிலாக நல்ல கண்ணுக்கு அத்ரோபின் சொட்டு மருந்து இடலாம் என்பதும் அதற்கு முந்திய ஆண்டில் தெளிவாயிற்று. இவை மலிவான சிகிச்சைகள். ஆனால் ஏழு வயதுக்கு முன்னர் ஆரம்பித்தாலே முழுப்பலனை எதிர்பார்க்கலாம்.

குழந்தை தனக்குப் பார்வை குறைவென்று முறையிடுவதில்லை. உலகம் இப்படித்தான் மங்கலாக இருக்குமென அது எண்ணிக்கொள்கின்றது. ஆகவே நாமே தேடிக் கண்டறிய வேண்டும். அதற்கான முதற் பரிசோதனை மிக எளிமையானது. கையடக்கக் கருவியின் ஒளியைக் குழந்தையின் கண்ணுக்குள் பாய்ச்சினால் கண்மணியில் செந்நிற ஒளிர்வு தெரியவேண்டும். அது தெரியாவிட்டாலோ, வெண்மையாகத் தெரிந்தாலோ கண்புரையாகவோ, விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோரைத் தாக்கும் இப்புற்றுநோயிலிருந்து வளர்ந்த நாடுகளில் 95 வீதத்துக்கும் அதிகமான பிள்ளைகள் உயிர் பிழைக்கின்றனர். தாமதமாகக் கண்டறியப்படும் நாடுகளிலோ கண் மட்டுமன்றி உயிரும் பறிபோகின்றது. புகைப்படத்தில் பிள்ளையின் கண்ணொன்று வெண்மையாகப் பளிச்சிடுவதைக் கண்ட பெற்றோர் அதனைப் படத்தின் குறையென்று விட்டுவிடலாகாது.

குறைமாதக் குழந்தைகளின் நிலை இன்னும் அவசரமானது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் பிரசவ காலத்தை அண்மித்தே முழுமை பெறுகின்றன. முன்கூட்டிப் பிறக்கும் குழந்தைகளுக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். 1942இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய், கட்டுப்பாடின்றி ஒட்சிசன் வழங்கப்பட்ட அக்காலத்தில் மேலைநாடுகளில் ஆயிரக்கணக்கான சிசுக்களின் பார்வையைப் பறித்தது. இன்று லேசர் சிகிச்சையும், கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசி மருந்துகளும் உள்ளன. ஆனால் பிறந்து நான்கு வாரமளவில் விழித்திரை பரிசோதிக்கப்பட வேண்டும். நோய் முற்றியிருந்தால் இரண்டு மூன்று தினங்களுக்குள் சிகிச்சையளிக்க வேண்டும். அந்த நாள் வரும்போது தாயும் சேயும் பெரும்பாலும் வீடு திரும்பியிருப்பர். குழந்தை பிழைத்துவிட்டதென்ற நிம்மதியில் கண் மறக்கப்படுவது இயல்பே.

நிபுணர்கள் குறைவாக உள்ள இடங்களில் என்ன செய்வது? அயலிலுள்ள கர்நாடக மாநிலம் 2008ஆம் ஆண்டு முதல் இதற்கு ஒரு வழி காட்டி வருகின்றது. பயிற்றப்பட்ட தொழில்நுட்பவியலாளர்கள் கமராவுடன் கிராமப்புற வைத்தியசாலைகளுக்குச் சென்று சிசுக்களின் விழித்திரையைப் படம் பிடிக்கின்றனர். பெங்களூரிலுள்ள நிபுணர்கள் அப்படங்களைப் பார்த்து முடிவு கூறுகின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து வைத்தியர்கள் பலரை இழந்த எமது நாடு இம்முறையைக் கூர்ந்து நோக்குவது பயனளிக்கும்.

இலங்கையால் இது இயலாததல்ல. கர்ப்பிணிகளைத் தாக்கும் ருபெல்லா என்னும் ஜேர்மன் சின்னமுத்து, பிறக்கும் குழந்தைக்குக் கண்புரையை ஏற்படுத்துவதை 1941இல் அவுஸ்திரேலிய வைத்தியர் நோர்மன் கிரெக் கண்டறிந்தார். 1996இல் இங்கு அதற்கான தடுப்பூசி வழங்கல் ஆரம்பிக்கப்பட்டது. 2020 ஜூலையில் இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும், தவறாது கிளினிக் சென்ற தாய்மாரும் ஈட்டிய வெற்றி அது. அதே வலைப்பின்னல் கண்ணையும் காக்க வல்லது.

ஆனால் வலையில் இடைவெளிகள் உண்டு. பாடசாலை வைத்திய பரிசோதனை முதலாம் தரத்திலேயே ஆரம்பமாகின்றது. சோம்பேறிக் கண்ணைப் பொறுத்தவரை அது கடைசி மணியோசைக்குச் சமம். கண் சிகிச்சை நிலையத்துக்குச் செல்வதென்றால் தோட்டத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வன்னியிலும் கிழக்கின் எல்லைப்புறக் கிராமங்களிலும் பேருந்துக்காகவே அரை நாள் கழிந்துவிடும். மூன்று, நான்கு வயதில் முன்பள்ளிகளிலும் தோட்டத்துப் பிள்ளை மடுவங்களிலும் பார்வைப் பரிசோதனை நடத்தப்படுவதே இதற்குப் பரிகாரமாகும்.

அரசாங்கத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மாறுகண் அதிர்ஷ்டம் என்னும் நம்பிக்கை எம்மிடையே இன்னும் நிலவுகின்றது. பெண்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடி போட்டால் திருமணம் தடைப்படுமென அஞ்சும் பெற்றோரும் உள்ளனர். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்த புத்திக்காரனென ஒதுக்கிவிட்டு, புலமைப்பரிசில் பரீட்சைக்காக மேலும் ஒரு ரியூஷனுக்கு அனுப்புவோரும் உளர். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகங்களிலும் வழக்கிலுள்ள நெருங்கிய உறவுமுறைத் திருமணங்கள், பரம்பரைக் கண் நோய்கள் சிலவற்றுக்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன. இதனைக் கூறுவது எவரையும் புண்படுத்துவதற்கன்று. குடும்பத்தில் அத்தகைய நோய் இருப்பின் திருமணத்துக்கு முன் வைத்திய ஆலோசனை பெறுவதும், பிறக்கும் குழந்தையை முதல் மாதத்திலேயே காட்டுவதும் அறிவுடைமையாகும். கோவில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் இவ்விடயத்தில் மக்களுக்கு எடுத்துரைக்கலாம்.

மேலே குறிப்பிட்ட மரபணு சிகிச்சைக்கு இரு கண்களுக்குமாக நிர்ணயிக்கப்பட்ட விலை எட்டு இலட்சத்து ஐம்பதினாயிரம் டொலர். அது எமது மக்களின் கைக்கு எட்டாதது. ஆனால் பிரசவ விடுதியில் பாய்ச்சப்படும் ஒளிக்கற்றைக்குச் செலவேதுமில்லை. கண் பார்க்கப்படாமல் எந்தச் சிசுவும் வைத்தியசாலையை விட்டுச் செல்லலாகாது. விழித்திரைப் பரிசோதனைக்கான திகதி குறித்துக் கொடுக்கப்படாமல் எந்தக் குறைமாதக் குழந்தையும் வீடு திரும்பலாகாது. இவ்விரண்டையும் நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் ஒரே சீராக உறுதிசெய்ய வேண்டியது சுகாதார அமைச்சின் பொறுப்பாகும். கேட்டுப் பெறவேண்டியது பெற்றோரின் உரிமையும் கடமையுமாகும். தடுத்திருக்கக்கூடிய இருளில் ஒரு பிள்ளையேனும் வாழ்நாள் முழுவதும் தடுமாற நேர்ந்தால், அதற்கு விதியின் மீது பழிபோட எவருக்கும் உரிமையில்லை என்பதை நாம் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.