தருமரைக் காப்பாற்றுமா இந்த விதி?

நாட்டை வைத்தார், தோற்றார். தம்பிகளை வைத்தார், தோற்றார். கடைசியில் கட்டிய மனைவியையும் வைத்துத் தோற்றார் தருமர். "முன்னால் இருப்பதை மட்டும்தான் பந்தயம் வைக்கலாம்" என்று அந்தச் சபையில் ஒரு விதி இருந்திருந்தால் தப்பித்திருப்பாரா?

அப்படி ஒரு விதி அமெரிக்காவில் இருக்கிறது. சூதாட்டத்துக்குப் பேர்போன லாஸ்வேகாஸ், நெவாடா மாநிலத்தில் உள்ள நகரம். அங்கே 1931-ல் சூதாட்டத்துக்குச் சட்டப்படி அனுமதி கிடைத்தது. அங்குள்ள போக்கர் சீட்டாட்ட அறைகளில் இந்த விதி ரொம்பக் கறார்!

பர்சைத் திறக்கக் கூடாது!

பணம் கொடுத்துச் சில்லுகள் வாங்கி மேஜையில் அடுக்கி வைக்க வேண்டும். சீட்டுப் போடும்போது முன்னால் எவ்வளவு இருக்கிறதோ, அந்த ஆட்டத்துக்கு அவ்வளவுதான். பாதியில் பர்சைத் திறக்க முடியாது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்க முடியாது.

எதிராளி 500 டாலர் கட்டுகிறார், இவரிடம் 80 டாலர்தான் இருக்கிறது. கவலை இல்லை. அந்த 80-ஐ வைத்துவிட்டுக் கடைசிவரை உட்காரலாம். ஜெயித்தால் ஒவ்வொருவரிடமிருந்தும் 80 வரை கிடைக்கும். அதற்குமேல் உள்ளது மற்றவர்களுக்குள் தனிக் கணக்கு. பெரிய பணத்தைக் காட்டிச் சின்ன ஆளை விரட்ட முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஜெயித்த சில்லுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிச்சத்தை வைத்து ஆடக் கூடாது. பணத்தை எடுத்தால் ஆளும் எழுந்து போக வேண்டியதுதான்!

நாற்காலிக்கும் கணக்கு

ஒரு மேஜைக்கு 9 அல்லது 10 பேர். இடம் இல்லையென்றால் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கூட்டம் சேர்ந்தால் இரண்டாவது மேஜை போடுவார்கள். முதல் மேஜையில் ஒரு ஆள் எழுந்ததும், இரண்டாவது மேஜையிலிருந்து முறைப்படி ஒருவர் அங்கே மாறியாக வேண்டும். "இது எனக்கு ராசியான இடம்" என்று முரண்டு பிடித்தால் நடக்காது. சாப்பிடப் போனவர் ரொம்ப நேரம் திரும்பாவிட்டால், சில்லுகளைப் பத்திரப்படுத்திவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஏன் இத்தனை கண்டிப்பு? போக்கரில் சூதாட்ட விடுதி யாரோடும் ஆடுவதில்லை. ஆடுகிறவர்களுக்குள்ளேயே பணம் கைமாறுகிறது. விடுதிக்குக் கமிஷன். பந்தயத் தொகையில் 10 சதவீதத்துக்குமேல் எடுக்கக் கூடாது என்பது நெவாடா சட்டம். ஆட்டத்துக்கு 4 டாலர், மணிக்கு 30 ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மேஜையில் மணிக்கு 120 டாலர்! யார் ஜெயித்தால் என்ன? நாற்காலி காலியாக இருந்தால்தான் விடுதிக்கு நஷ்டம்.

ஓட்டை எங்கே?

இந்த விதி ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான். அது முடிந்ததும் பர்சைத் திறந்து மறுபடி சில்லு வாங்கலாம். அதுவும் போனால் மறுபடியும் வாங்கலாம். தருமர் மட்டும் ஒரே ஆட்டத்திலா தோற்றார்? ஒவ்வொன்றாக வைத்துத்தானே அம்போ ஆனார்!

நம்ம ஊரில் செல்போன் ரம்மி செய்த வேலையும் அதுதான். லாஸ்வேகாசில் பர்ஸ் காலியானால் எழுந்து போய்ப் பணம் எடுக்கவாவது வேண்டும். செல்போனில் மேஜையும் பாங்குக் கணக்கும் ஒரே கையில்! எழுந்து நடக்கும் அந்த நாலு அடியில் வரக்கூடிய புத்திகூட வர வழியில்லை. குடும்பங்கள் சீரழிந்த பிறகு 2022-ல் தமிழ்நாடு சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் பாராளுமன்றமே தடைச் சட்டம் நிறைவேற்றியது. அது சரியான காரியம்தான்.

சட்டம் வந்தாலும் சபலம் போய்விடாது. ஒரு ஆட்டத்துக்கு எல்லை போட விடுதிக்காரனுக்குத் தெரிகிறது. ஒரு ராத்திரிக்கு எல்லை போட அவன் ஏன் மெனக்கெடப் போகிறான்? முதல் தேதி வாங்கிய சம்பளத்துக்கு அவரவர்தான் எல்லை போட்டாக வேண்டும்.