பெற்றவளைத் தேடினால் துரோகமா?

‘லயன்’ படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டுப் பாருங்கள். முதல் பாதிக்கு எல்லோரும் ஒரே குரலில் சர்டிபிகேட் கொடுப்பார்கள். ஐந்து வயதுப் பொடியன் காலி ரயிலில் தூங்கிப்போய், கொல்கத்தாவில் தனியாக அல்லாடுகிற காட்சிகளில் அழாதவர் இல்லை. இரண்டாம் பாதி வந்ததும் அதே ஆட்கள் நீதிபதியாகிவிடுவார்கள். “அந்தப் பையனுக்கு ஆஸ்திரேலியாவுல என்ன சார் குறை? வீடு, படிப்பு, கடற்கரை... ராஜா மாதிரி வளர்த்திருக்காங்க. அப்புறமும் பெத்தவளைத் தேடறேன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா, வளர்த்தவ மனசு என்ன பாடுபடும்?”

வெளிநாட்டுப் படத்துக்கு மட்டும் சொல்லப்படுகிற தீர்ப்பு இல்லை இது. 2002-ல் மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வந்தபோதும் இதே கோர்ட்தான் கூடியது. தான் தத்துப் பிள்ளை என்று ஒன்பதாவது பிறந்த நாளில் தெரிந்துகொள்கிறாள் அமுதா. இலங்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்தே தீருவேன் என்று அடம் பிடிக்கிறாள். “சரியான அதிகப்பிரசங்கி”, “இவகிட்ட யாரு உண்மையைச் சொல்லச் சொன்னது?”, “சிம்ரனைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கு” என்றார்கள். ‘லயன்’ வந்தது 2016-ல். நடுவில் பதினான்கு வருடம் ஓடியும் தீர்ப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. வளர்த்த பாசம் போதாதா என்பதுதான் அது.

நான் படித்தது பி.காம். இரட்டைப் பதிவு முறையில் ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியாக வேண்டும். கடை நடத்த அருமையான முறை. இதையே பாசத்துக்கும் போட்டுப் பார்ப்பதுதான் வம்பு. பெற்றவள் மேல் பிள்ளைக்கு ஆசை வந்தால், வளர்த்தவள் கணக்கில் அதே அளவு குறைந்துவிட்டதாக நாமே பற்று எழுதிவிடுகிறோம். இரண்டு பிள்ளை பெற்ற எந்தத் தாயிடமாவது கேளுங்கள். இரண்டாவது பிறந்ததும் முதல் பிள்ளை மேல் பாசம் பாதியாகிவிட்டதா என்று. அடிக்க வருவாள். இரண்டு பிள்ளைகளை முழுசாக நேசிக்கத் தாய்க்கு முடியும் என்றால், இரண்டு தாய்களை முழுசாக நேசிக்கப் பிள்ளைக்கு ஏன் முடியாது?

‘லயன்’ நிஜக் கதை. சரூ பிரையர்லி 1986-ல் மத்தியப் பிரதேசத்தில் அண்ணனோடு போய், ரயிலில் தூங்கிவிட்டவர். ஊர்ப் பெயரைக்கூட அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கண்ட்வாவில் இருக்கும் ‘கணேஷ் தலாய்’ பகுதி அவர் வாயில் ‘கினெஸ்ட்லே’ ஆனது. ‘ஷேரு’ என்ற சொந்தப் பெயரே ‘சரூ’ ஆகிவிட்டது. மறுவருடம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இருக்கும் தம்பதிக்குத் தத்துப் போனார். பெரியவனானதும் கூகுள் எர்த்தில் இந்திய ரயில் பாதைகளைப் பிடித்துக்கொண்டே போய், நினைவில் மிச்சமிருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியையும் மேம்பாலத்தையும் வைத்து 2011-ல் ஊரைக் கண்டுபிடித்தார். 2012-ல் அம்மாவைப் பார்த்தார்.

“ரெண்டாம் பாதி முழுக்க லேப்டாப்பையே காட்டறான், கூகுளுக்கு விளம்பரம்” என்று கிண்டல் செய்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த மனிதருக்கு வேறு எந்த ஆவணம் இருந்தது? பிறப்புச் சான்றிதழா, ரேஷன் கார்டா? எந்த ஆபீஸ் ஃபைலிலும் அவருடைய ஊர் கிடையாது. ஆகாயத்திலிருந்து எடுத்த படம்தான் மிச்சம். ராத்திரி ராத்திரியாக ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடுவது பார்க்க போர் அடிக்கலாம். தேடல் என்றால் அப்படித்தான் இருக்கும்.

சரி, வளர்த்த அம்மாவின் மனசு? நாம் கவலைப்பட்ட அளவுக்கு அவர் கவலைப்படவில்லை! அவர் மனசு புண்படுமே என்று மகன்தான் தேடலை மறைத்தார். தெரிந்ததும் அவர் ஊக்கம்தான் கொடுத்தார். பிறகு இந்தியாவுக்கு வந்து, பெற்ற தாயைக் கட்டிக்கொண்டார். அந்த நிஜக் காட்சி படத்தின் முடிவிலேயே இருக்கிறது. சரூவும் ‘பெத்தவ கிடைச்சுட்டா, போய் வர்றேன்’ என்று டாஸ்மேனியாவைக் காலி செய்துவிடவில்லை. நம் அமுதாவும் கடைசியில் வளர்த்தவளிடம்தான் திரும்புகிறாள். தேடிப் போகிற பிள்ளை திரும்பி வராது என்ற பயம்தான் நம் தீர்ப்பின் அஸ்திவாரம். படம் பார்த்த பிறகும் அந்த பயம் போகவில்லை என்றால், எதைப் பார்த்து அழுதோம்?

இன்னொரு பக்கத்தை யாருமே பேசுவதில்லை. சரூ தொலைந்த அதே சமயத்தில் அவருடைய அண்ணன் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். ஒரு மகனுக்கு மரணச் செய்தி, இன்னொரு மகனுக்கு எந்தச் செய்தியும் இல்லை. என்றாவது வருவான் என்று அந்த அம்மா கால் நூற்றாண்டு அந்த வட்டாரத்தை விட்டே நகரவில்லை. ‘என்ன குறை?’ என்று மகனிடம் கேட்கிற நீங்கள், அவளிடம் போய் ‘உன் பிள்ளை சௌக்கியமா இருக்கான், பேசாமப் போம்மா’ என்று சொல்வீர்களா?

‘பெத்தவங்கதானே கைவிட்டாங்க’ என்பது அடுத்த வாதம். எல்லாத் தத்துப் பிள்ளைகளும் கைவிடப்பட்டவர்கள் என்று யார் சொன்னது? சரூ தொலைந்தவர். அதைவிடக் கொடுமையும் உண்டு. சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள், ஒரு தத்து நிறுவனம் வழியாக வெளிநாடுகளுக்குப் போன விவகாரம் 2005-ல் அம்பலமானது. அப்படிப் போன குழந்தை பெரியவனாகித் தேடக் கூடாது என்றால், திருடியவனுக்கு நாமே பாதுகாப்புக் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? தத்து எடுத்ததும் ஊர் மாற்றிப் போவார்கள். ‘குழந்தைக்குத் தெரியக் கூடாது’ என்று உறவுக்காரர்களிடம் சத்தியம் வாங்குவார்கள். சத்தியம் எத்தனை நாள் தாங்கும்? கல்யாணத்தில் பந்தி தகராறிலோ, சொத்துப் பிரிக்கும்போது பெரியப்பா வாயிலிருந்தோ வெளியே வந்து விழும். முப்பது வயதில் அப்படித் தெரிந்துகொள்கிறவருக்குத் தத்து என்பதைவிட, இத்தனை பேர் சேர்ந்து பொய் சொன்னதுதான் வலிக்கும். ‘உங்க அப்பாவுக்கு சுகர் உண்டா?’ என்று டாக்டர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது தனி அவஸ்தை.

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு கேள்வி உண்டு. திருமணத்துக்கு முன் பெற்று, யாருக்கும் தெரியாமல் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, இன்று வேறொரு குடும்பத்தில் வாழும் பெண்ணின் கதி என்ன? திடீரென்று ஒருவன் வாசலில் வந்து ‘அம்மா’ என்று நின்றால்? கவலை நியாயம்தான். ஆனால், சட்டம் அதை யோசித்திருக்கிறது. தத்துப் பிள்ளைகள் தங்கள் வேரைத் தேட மத்திய அரசின் தத்தெடுப்பு விதிமுறைகளிலேயே வழி இருக்கிறது. 18 வயது முடிந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தவர் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். பெற்றவரின் அந்தரங்க உரிமையை இது மீறக் கூடாது என்றும் அந்த விதிமுறைகளே சொல்கின்றன. தேடும் உரிமை வேறு, வாசல் கதவைத் தட்டும் உரிமை வேறு. இரண்டாவதற்கு வரம்பு வையுங்கள். அதற்காக முதலாவதைப் பிடுங்காதீர்கள்.

ஆகவே, தத்து எடுத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்கு விவரம் தெரியும் முன்பே கதை போலச் சொல்லத் தொடங்குங்கள். பிறந்த நாளில் குண்டு போட வேண்டாம். இல்லங்களிலிருந்து வந்த ஒவ்வொரு காகிதத்தையும் பத்திரமாக வையுங்கள். ஒருநாள் உங்கள் பிள்ளைக்கு அதுதான் கூகுள் எர்த்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘லயன்’ முடியும்போது, இந்தியாவில் ஆண்டுக்கு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காணாமல் போகிறார்கள் என்று திரையில் எழுத்து வரும். பெரும்பாலானவர்கள் அதற்குள் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்கள். அந்தக் குழந்தைகளில் யாராவது ஒருவர் வளர்ந்து, தெரிந்தவராகவோ, பக்கத்து சீட்டுக்காரராகவோ உங்கள் எதிரில் வந்து ‘என் அம்மாவைத் தேடறேன்’ என்று சொல்லக்கூடும். அப்போது ‘உனக்கு இங்கே என்ன குறை?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த ஊர்னு ஏதாவது ஞாபகம் இருக்கா?’ என்று கேளுங்கள்.