க்ரவுட் சரியில்லையாம்!

போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டுல சாப்பாடு. பிரியாணி முடிஞ்சு எல்லாரும் பாயசக் கிண்ணத்தோட உட்கார்ந்தப்ப அந்த வழக்கமான கேள்வி வந்தது. "பொண்ணுக்கு ஆகஸ்ட்ல கிண்டர்கார்டன் ஆரம்பிக்கணுமே, எந்த ஸ்கூல் பார்த்திருக்கீங்க?"

எங்க அபார்ட்மெண்டுக்குப் பக்கத்துல இருக்கிற பள்ளிக்கூடத்தோட பேரைச் சொன்னேன். நடந்து போனா எட்டு நிமிஷம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒரு அண்ணன் குரலைத் தணிச்சுக்கிட்டு ஆரம்பிச்சார். பதினஞ்சு வருஷமா டாலஸ்ல இருக்கிறவர், எங்க மேல நிஜமாவே பாசம் உள்ளவர். "தம்பி, அதோட ரேட்டிங் நாலு. அங்க க்ரவுட் சரியில்ல. லீஸ் முடியறதுக்குள்ள வடக்கே எங்கயாவது போயிடு."

அந்த 'க்ரவுட்'டைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும். திட்டணும்னு தோணினா தாராளமா திட்டுங்க. ஆனா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க மக்களே.

முதல்ல அந்த 'நாலு'ன்னா என்னன்னு பார்ப்போம். கிரேட்ஸ்கூல்ஸ்ங்கிறது 1998ல ஆரம்பிச்ச ஒரு லாப நோக்கில்லாத அமைப்பு. அமெரிக்கப் பள்ளிகளுக்கு 1ல இருந்து 10 வரைக்கும் எண் போடுறாங்க. வீடு தேடுற தளங்கள்ல படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனைன்னு வர்ற பக்கத்துலயே இந்த எண்ணும் இருக்கும். ரொம்ப காலம் இதுக்கு அடிப்படையா இருந்தது மாநிலத் தேர்வு மதிப்பெண்தான். 2017லயும் 2020லயும் கணக்கை மாத்தி, பிள்ளைங்க வருஷா வருஷம் எவ்வளவு முன்னேறுறாங்கங்கிறதையும் சேர்த்தாங்க. ஆனாலும் மதிப்பெண் இன்னும் உள்ளேதான் இருக்கு.

சரி, அந்தத் தேர்வை எழுதுறது யாரு? 2002 ஜனவரியில புஷ் கையெழுத்துப் போட்ட சட்டமும் சரி, அதுக்குப் பதிலா 2015ல ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டமும் சரி, வருஷா வருஷம் தேர்வு வைக்கச் சொல்றது மூணாம் வகுப்புல இருந்துதான். கிண்டர்கார்டன், ஒண்ணாவது, ரெண்டாவது பசங்க அந்தத் தேர்வை எழுதறதே இல்லை. அதாவது என் அஞ்சு வயசுப் பொண்ணுக்கு டீச்சர் எப்படி எழுத்துக் கூட்டச் சொல்லித் தர்றாங்கங்கிறதுக்கும் அந்த நாலுக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது.

இன்னும் இருக்கு. ஸ்டான்ஃபோர்டுல ஷான் ரியர்டன்னு ஒரு பேராசிரியர். அமெரிக்கா முழுக்க இருக்கிற பள்ளி மாவட்டங்களோட மூணாவதுல இருந்து எட்டாவது வரைக்குமான தேர்வு முடிவுகளை மொத்தமா எடுத்து அலசினவர். அவர் கண்டது ரெண்டு விஷயம். சராசரி மதிப்பெண், அந்த ஊர்க் குடும்பங்களோட வசதியை அப்படியே பின்தொடர்ந்து போகுது. ஆனா ஒரு பிள்ளை வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு முன்னேறுதுங்கிறதுக்கும் வசதிக்கும் இருக்கிற தொடர்பு ரொம்பப் பலவீனம். ஏழைப் பிள்ளைங்க நிறையப் படிக்கிற சிகாகோவுல, 2009ல இருந்து 2014 வரைக்கும், அஞ்சு வருஷத்துல ஆறு வருஷத்துக்கான முன்னேற்றம் இருந்ததுன்னு அவர் கணக்கு காட்டுது. ஆனா அங்க சராசரி மதிப்பெண் குறைவு. நம்ம ஆளுங்க ரேட்டிங்கைப் பார்த்தா அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாங்க.

பொட்டி தட்டுற மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உள்ளே போற இன்புட்டை அளந்துட்டு, 'இதுதான் சிஸ்டத்தோட பெர்ஃபார்மன்ஸ்'னு ஒருத்தன் ரிப்போர்ட் கொடுத்தா ஆபீஸ்ல விட்டு வைப்போமா? கிழி கிழின்னு கிழிக்க மாட்டோம்? பள்ளிக்கூடம்னு வந்ததும் மட்டும் அதே ரிப்போர்ட்டைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பி, மாசம் அறுநூறு டாலர் கூடுதல் வாடகைக்கு மூட்டை கட்டுறோம்.

ஆனா எனக்கு ஒரு சந்தேகம். நாம அந்த எண்ணைத்தான் நிஜமா நம்புறோமா?

ஏன்னா எண்ணைப் பார்த்ததோட யாரும் நிறுத்தறதில்லை. அப்படியே கீழே இறங்கி, மாணவர்கள்ல எந்த இனம் எத்தனை சதவீதம்னு பார்ப்போம். ஏசியன் எவ்வளவு, ஹிஸ்பானிக் எவ்வளவு, கறுப்பர் எவ்வளவு. அதுக்கும் கீழே இன்னொரு எண் இருக்கும். இலவச மதிய உணவு, சலுகை விலை உணவு வாங்குறவங்க எத்தனை சதவீதம்னு. அது அதிகமா இருந்தா உச்சுக் கொட்டிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவோம்.

மதிய உணவு மக்களே! காமராஜர் 1950கள்ல கொண்டு வந்து, 1982ல எம்.ஜி.ஆர் சத்துணவா விரிச்சு, 2022ல காலைச் சாப்பாடும் சேர்த்த ஊர்ல இருந்து வந்தவங்க நாம. அந்தத் தட்டுல சாப்பிட்ட அப்பாவும் அம்மாவும் இல்லாம இங்க எத்தனை பேர் வந்திருக்கோம்? எங்கப்பா சத்துணவு சாப்பிட்டுப் படிச்சவர். அவர் பையன் டெக்ஸாஸ்ல உட்கார்ந்து, இலவசச் சாப்பாடு சாப்பிடுற பிள்ளைங்க பக்கத்துல என் பொண்ணு உட்காரலாமான்னு சதவீதம் பார்க்கிறான். இதைவிட ஒரு அசிங்கம் இருக்கா?

பதிவு எழுதுற நமக்கு இதுல இன்னும் கொஞ்சம் கூடுதல் பங்கு உண்டு. அரசுப் பள்ளிகளைக் காப்பாத்தணும்னு எழுதுறோம். 1966லயே கோத்தாரி கமிஷன் சொன்ன அருகமைப் பள்ளி ஏன் இன்னும் வரலைன்னு பொங்குறோம். இங்க அது கண் முன்னாடி நிக்குது. வீட்டு விலாசத்துக்குப் பக்கத்துலயே அரசுப் பள்ளி, பணம் கட்ட வேண்டாம். அதுல இருந்து தப்பிச்சு ஓடறதுக்குத்தான் நாம வீடே மாத்துறோம்.

'க்ரவுட்'ங்கிற வார்த்தைக்கு வர்றேன். விருதுநகர் பக்கம் என் ஊர்ல நான் படிச்சது அரசுப் பள்ளி. என்னை அங்கே சேர்த்தப்ப ஒரு உறவுக்காரர் எங்கப்பாகிட்ட, "காலனிப் பசங்க படிக்கிற எடத்துலயா சேர்க்கிறீங்க?"ன்னு கேட்டாராம். 'காலனி'ன்னா அங்க என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தையை அரசு ஆவணங்கள்ல இருந்து நீக்கப் போறோம்னு 2025 ஏப்ரல்ல சட்டமன்றத்துல ஸ்டாலின் அறிவிச்சார். அங்க ஏட்டுல இருந்து எடுக்கிறாங்க. இங்க நாம அதுக்கு 'க்ரவுட்'னு வேற பேர் வச்சு, டெக்ஸாஸ்ல குடி வச்சிருக்கோம்.

இதுல பெரிய கூத்து என்ன தெரியுமா? ஆங்கிலம் கத்துக்கிட்டு இருக்கிற பிள்ளைங்க எத்தனை சதவீதம்னு ஒரு எண்ணும் உண்டு. அது கூடினாலும் நமக்கு ஆகாது. பள்ளியில சேர்க்கும்போது ஒரு படிவம் தருவாங்க. வீட்டில் என்ன மொழி பேசுறீங்க, பிள்ளை என்ன மொழி பேசுதுன்னு கேட்கும். தமிழ்னு உண்மையை எழுதினா, பிள்ளைக்கு ஆங்கிலம் எவ்வளவு வருதுன்னு சோதிச்சுப் பார்த்து, தேவைன்னா தனியாச் சொல்லித் தருவாங்க. இது தருமத்துக்குக் கொடுக்கிறது இல்லை. சான் பிரான்சிஸ்கோவுல சீன மொழி பேசுற பிள்ளைங்க சார்பா வழக்குப் போட்டு, 1974ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வாங்கின உரிமை. நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? 'இங்கிலீஷ்'னு எழுதிடறாங்க. 'ஈஎஸ்எல்ல போட்டுருவாங்க, ஜாக்கிரதை'ன்னு புதுசா வர்றவங்களுக்கு அறிவுரை வேற. வீட்டுல 'தோசை ஊத்தவா கண்ணு'ன்னு கேட்டுட்டு, படிவத்துல இங்கிலீஷ்! நாம யாரைப் பார்த்து க்ரவுட் சரியில்லைன்னு சொல்றோமோ, அந்தக் கணக்குல நம்ம பிள்ளையும் ஒண்ணுங்க.

நான் ஒண்ணும் உத்தமன் கிடையாது. அந்த விருந்துல இருந்து வந்த ராத்திரி ஒரு மணி வரைக்கும் நானும் அதே சதவீதங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். வடக்கே ஒரு ரெண்டு பெட்ரூம் வீட்டை 'சேவ்' கூடப் பண்ணேன். தங்கமணி தூங்கலை. "உன் கொள்கைக்கு என் பொண்ணைச் சோதனை எலி ஆக்குவியா?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இணையத்துலயும் இல்லை.

அதனால வியாழக்கிழமை லீவு போட்டுட்டு ரெண்டு பேரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனோம். கட்டடம் பழசு. லைப்ரரி சின்னது. ஆபீஸ்ல ஒரு அம்மா ஒரு பாட்டிகிட்ட ஸ்பானிஷ்ல பேசி முடிச்சிட்டு, எங்ககிட்ட ஆங்கிலத்துல வந்தாங்க. கிண்டர்கார்டன் வகுப்புல டீச்சர் ஒரே கதையை ரெண்டு தடவை படிச்சாங்க. ரெண்டாவது தடவை ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும்னு பிள்ளைங்களைச் சொல்ல வச்சாங்க. ஒரு பையன் தப்பாச் சொன்னான். யாரும் சிரிக்கலை. டீச்சர், "ஏன் அப்படி நினைச்சே?"ன்னு கேட்டாங்க. தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்தா. எங்க ரெண்டு பேரையும் எந்தப் பள்ளியிலயும் யாரும் அப்படிக் கேட்டது கிடையாது.

வகுப்பு அளவு பத்தியும் விசாரிச்சேன். டெக்ஸாஸ்ல நாலாவது வரைக்கும் ஒரு வகுப்புக்கு 22 பேர்ங்கிறது 1984ல போட்ட சட்டத்தோட வரம்பு. விதிவிலக்கு வாங்கலாம்தான். ஆனா ரேட்டிங் பத்துக்கும் அதே 22, நாலுக்கும் அதே 22.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். பிள்ளைக்குத் தனிக் கவனம் தேவைப்படுது, அதுக்கான ஆசிரியர் வேற ஊர்லதான் இருக்காங்கன்னா கண்டிப்பா மாறுங்க. உயர்நிலைப் பள்ளியில நீங்க கேட்கிற பாடமே இல்லைன்னா மாறுங்க. பள்ளியை நேர்ல போய்ப் பார்த்து, வகுப்பு பிடிக்கலைன்னாலும் மாறுங்க. அதெல்லாம் காரணம். 'க்ரவுட்' காரணம் இல்லை. அதைத்தான் சொல்லுவேன்னா, முழுசா, சத்தமாச் சொல்லுங்க: "என் பிள்ளை மெக்சிகன் பிள்ளைகூட உட்காரக்கூடாது." பாயசக் கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு அப்படிச் சொல்ல முடியுதான்னு பாருங்க.

லீஸைப் புதுப்பிச்சாச்சு. தங்கமணி ஒரு நிபந்தனை போட்டிருக்கா. டிசம்பர்ல ரெண்டு பேரும் உட்கார்ந்து, பொண்ணு எழுத்துக் கூட்டுறாளா, சந்தோஷமாப் போறாளான்னு பார்க்கணும். இல்லைன்னா மாத்தணும். நியாயமான நிபந்தனை, ஒத்துக்கிட்டேன். படிவத்துல வீட்டு மொழி தமிழ்னு எழுதிட்டேன்.

டிஸ்கி: அந்த அண்ணன் இதைப் படிப்பார்னு தெரியும். அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அடுத்த சனிக்கிழமை சாப்பாடு நம்ம வீட்டுல. கீழ் வீட்டு ஹோண்டுரஸ் குடும்பத்தையும் கூப்பிட்டிருக்கேன். அவங்க பையனும் என் பொண்ணும் ஆகஸ்ட்ல ஒரே பள்ளி. வந்து க்ரவுடைப் பார்த்துட்டுச் சொல்லுங்க :-)