மனுவோடு நின்ற எம்.எல்.ஏ.

2021-ஆம் ஆண்டு, மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுபது வயதைக் கடந்த ஒருவர் மனைவியுடன் வந்தார். வாடகை வீட்டில் இருக்கிறோம், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு வீடு ஒதுக்கித் தாருங்கள் என்று மனுக் கொடுத்தார். அவர் பெயர் நன்மாறன். 2001, 2006 தேர்தல்களில் மதுரை கிழக்குத் தொகுதியில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காலமானார்.

பத்தாண்டுகள் தொகுதி மக்களின் மனுக்களை வாங்கியவர், கடைசிக் காலத்தில் தானும் மனு எழுதிக்கொண்டு வந்து நின்றார். பதவியில் இருந்தபோது தனக்கென்று எதையும் ஒதுக்கிக்கொள்ளவில்லை என்பதற்கு அந்த ஒற்றைத் தாளை விடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

உள்ளூர்க் கட்சி ஊழியராகத் தொடங்கி, வாலிபர் சங்கத்தில் வளர்ந்து, ‘மேடைக் கலைவாணர்’ என்று ஊர் கொண்டாடும் பேச்சாளராகி, கோட்டைக்குப் போனவர் அவர். ஷேர் ஆட்டோவிலும் பேருந்திலும் பயணம் செய்த பழக்கத்தைப் பதவி மாற்றவில்லை. இறந்த அன்று எல்லாக் கட்சியினரும் ‘எளிமையின் சிகரம்’ என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி நமக்குத் தலைகுனிவு. திருடாமல் இருப்பது மக்கள் பிரதிநிதியின் குறைந்தபட்சக் கடமை. அதையே அதிசயமாகப் பார்க்கும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம்.

எப்படி வந்தோம்? அவர் சட்டமன்றத்தில் இருந்த காலத்திலேயே, 2009 ஜனவரியில், அதே மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்தில் இடைத்தேர்தல் நடந்தது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு ‘திருமங்கலம் பார்முலா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே நிறுத்த வேண்டியதாயிற்று.

கணக்கு எளிது. 2017-இல் எம்.எல்.ஏ.வின் மாத ஊதியம் 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் ஐந்தாண்டுக்கு 63 லட்சம். கோடிகளை இறைத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவர், போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார்? சாலை ஒப்பந்தத்திலும், மணல் குவாரியிலும், பணியிட மாறுதலிலும்தான் எடுப்பார். இன்று வாசலில் வாங்கும் சில நூறு ரூபாய்க்கு, பெயர்ந்த சாலையாகவும் வறண்ட ஆறாகவும் நாம்தான் வட்டி கட்டுகிறோம்.

முதல் குற்றவாளிகள் கட்சித் தலைமைகள். நேர்காணலில் ‘ஊருக்கு என்ன செய்தாய்?’ என்று கேட்பதை விட்டு, ‘எவ்வளவு செலவு செய்வாய்?’ என்று கேட்கிறவர்கள் அவர்கள். வார்டில் குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் அலைந்து வளர்ந்த தொண்டன், பணம் இல்லாத ஒரே காரணத்தால் சுவரொட்டி ஒட்டியே கிழவனாகிறான். பணத்தை வாங்கிக்கொண்டு வாக்களிப்பவர்களையும் குற்றத்திலிருந்து விடுவிக்க முடியாது. வறுமை ஒரு காரணம்தான். ஆனால் வாடகை வீட்டில் இருந்தவரும் நேர்மையாக வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

முன்னாள் எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் வீடு கேட்டு நிற்க வேண்டும் என்பது நம் விருப்பமில்லை. நேர்மையாளர்கள் முதுமையில் கௌரவமாக வாழ வேண்டும். ஆனால் அடுத்த முறை வேட்பாளர் வாசலுக்கு வரும்போது, பதவிக்கு வருமுன் இவரிடம் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று வேட்புமனுவின் சொத்துக் கணக்கைப் பார்த்துக் கேளுங்கள். கேட்காத வாக்காளருக்கு நன்மாறனுக்காகக் கண்ணீர் விடும் தகுதி இல்லை.